பற்றரி அக்காவும் நான் நிரப்பிய படிவமும்

எங்கள் அப்பாவின் சாரங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் எப்போதும் இருக்கும். உடுத்திருக்கும்போது தெரியாது. அம்மா கிணற்றடியில் தோய்க்கும்போதுதான் அந்த இடம் கையோடு பிய்ந்து வரும். "நேற்றும் பற்றரி கட்டிக்கொண்டு போனனீங்களோ? இன்னொரு சாரமும் போச்சு" என்று அம்மா சத்தம் போடுவா. அப்பா ஒன்றும் பேசமாட்டார். பற்றரிக்குள் இருக்கும் அமிலம் நூலை மெல்ல மெல்ல இத்துப்போகச் செய்யும், தோய்க்கிற அன்றுதான் ஓட்டை தெரியும் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் நாங்கள். அடுத்த வருடம் வன்னிக்கு வந்து சேர்ந்தோம். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நான் கைக்குழந்தை. அதனால் ஆளியைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்பதைப் பார்க்காமலே வளர்ந்தேன். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் போட்டு எரித்த விளக்குத்தான் எங்களுக்குத் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. இந்த மாத இதழை வாசிக்கும் அனேகமான சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வன்னியில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டாருக்குப் பொதுவாக ஒரு பழைய கார் பற்றரி இருந்தது. இரவில் ஒரு சிறிய குழல் விளக்கு அதில் எரியும். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து படிப்போம். வெளிச்சம் மஞ்சளாகிச் சோர்ந்தால், மறுநாள் அப்பா அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஜெனரேற்றர் உள்ள கடைக்குப் போவார். அந்தப் பயணத்தில் சிந்திய அமிலம்தான் சாரத்து ஓட்டைகள். நான் பல்கலைக்கழகம் போனதற்கு அந்தப் பற்றரியும் ஒரு காரணம். இருந்தும், பற்றரியைப் பற்றி ஒரு பெண் என்னிடம் கதைத்தபோது நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

2015 ஆம் ஆண்டு. சமூகவியலில் பட்டம் பெற்று, வாழ்வாதாரத் திட்டம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் உள்ள ஒரு கிராமத்தில் பெண் தலைமைக் குடும்பங்களுக்கான விபரம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கையில் ஒரு படிவம். கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, தையல், வீட்டுத்தோட்டம், சிறுகடை என்று ஐந்து பெட்டிகள். கடைசியில் "வேறு" என்று ஒரு பெட்டி.

அந்த அக்காவின் கணவர் 2009 இல் இறுதி யுத்தத்தில் காணாமல் போனவர். அதற்கு முன்னர் புதுக்குடியிருப்புப் பக்கம் பற்றரி சார்ஜ் பண்ணும் கடை வைத்திருந்தார். அவர் உழவு இயந்திரங்கள் திருத்த வெளியே போகும் நாட்களில் கடையைப் பார்த்தது அக்காதான். மெனிக் பாம் முகாமில் இருந்து ஒரு மகளோடு ஊர் திரும்பியபோது கடை இருந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"மிஸ், எனக்குத் தையல் வராது. ஊசியில நூல் கோக்கவே கண் பிடிக்காது. ஒரு பற்றரி சார்ஜர் எடுத்துத் தந்தால் நான் பிழைச்சுக்கொள்ளுவன்" என்றார்.

"கரண்ட் வந்திட்டுதே அக்கா. இனி ஆர் பற்றரி சார்ஜ் பண்ண வரப்போயினம்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த கரண்ட் ரோட்டில ஓடுற வாகனத்துக்கு வராது, மிஸ்."

அவர் சொன்னது எவ்வளவு சரியென்று இப்போது விளங்குகிறது. யுத்தம் முடிந்து வீதி திருத்தப்பட்ட பிறகு எங்கள் பகுதியில் தவணைக் கட்டணத்துக்கு எடுத்த மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம் என்று வாகனங்கள் பெருகின. அவை எல்லாவற்றுக்குள்ளும் ஒரு பற்றரி இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்தால் உழவு இயந்திரம் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற பற்றரி தானாகவே இறங்கும். அடுத்த உழவுக்கு எடுக்கும்போது உயிர் இருக்காது. இதையெல்லாம் அக்கா கணக்குப் பார்த்திருந்தார். புத்தகத்தில் "சமூக மாற்றம்" படித்த நான் பார்க்கவில்லை.

"வேறு" என்ற பெட்டியில் அடையாளம் இட்டால் மூன்று விலைமனு எடுக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்குத் தனியாகக் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போக வேண்டும். பெண்ணுக்குப் பொருத்தமான தொழிலா என்று மேலே கேட்பார்கள். நான் "தையல்" என்ற பெட்டியில் அடையாளம் இட்டேன். அக்கா கையெழுத்து வைத்தார்.

அடுத்த வருடம் கண்காணிப்புக்காகப் போனேன். தையல் இயந்திரம் வீட்டில் இல்லை. தாழ்வாரத்தில் பலகை மேல் நான்கு பற்றரிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பழைய சார்ஜர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. இயந்திரத்தைக் கிளிநொச்சியில் கொடுத்து, கையிலிருந்த காசையும் போட்டு அதை வாங்கியதாக அக்கா மறைக்காமல் சொன்னார். பெருமையாகக்கூடச் சொன்னார். நான் அலுவலகத்துக்கு வந்து, "வழங்கப்பட்ட உதவி உரிய நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படவில்லை" என்று எழுதினேன். அந்த ஒரு வரியால் இரண்டாம் கட்டச் சுழற்சிக் கடன் பட்டியலில் இருந்து அவர் பெயர் வெட்டுப்பட்டது. ஏன் வெட்டுப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறு வருடங்கள் நான் அந்த ஒழுங்கைப் பக்கம் போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள் என்பது உண்மை. போக மனம் வரவில்லை என்பதும் உண்மை.

2022 ஆம் ஆண்டை யாரும் மறக்கமாட்டோம். எரிபொருள் இல்லை. இரவு பகலாக வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எங்கள் அலுவலக வானும் டீசலுக்காக இரண்டு கிழமை அசையாமல் நின்றது. டீசல் கிடைத்த அன்று திறப்பைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். தள்ளி ஸ்ரார்ட் பண்ணினோம். நான்கு நாளில் திரும்பவும் அதே கதை. சாரதி புதுப் பற்றரி வேண்டும் என்றார். அந்த வருடம் விலைகள் ஏறியிருந்த மாதிரிக்கு, புதுப் பற்றரி வாங்கினால் அந்த மாதம் வேறு ஒரு வேலையும் நடக்காது. மறுநாள் ஆறு பெண்களை மருத்துவச் சிகிச்சைக்கு ஏற்றிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். அவர்களில் இருவர் உடம்பில் இன்னும் குண்டுச் சிதறல்களோடு வாழ்பவர்கள்.

"பற்றரி அக்காவைக் கூப்பிட்டுப் பாருங்கோ" என்று முச்சக்கர வண்டித் தம்பி ஒருவர் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அக்கா சைக்கிளில் வந்தார். கூடைக்குள் ஒரு மீற்றர், இரண்டு சாவி, ஒரு பழைய பல்ப்பில் இரண்டு வயர் பொருத்திய சோதனை விளக்கு. என்னைப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. "எத்தினை நாளைக்கு ஒருக்கால் இறங்குது?" என்றுதான் முதலில் கேட்டார். சாரதி சொன்னார். "அப்ப பற்றரியில பிழையெண்டு இப்பவே சொல்லேலாது" என்றார்.

மீற்றரை வைத்துப் பார்த்தார். 11.7 வோல்ற். எனக்கு அது நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது. 12 வோல்ற் பற்றரியில் 11.7 இருந்தால் போதாதா? அக்கா விளக்கினார். பற்றரிக்குள் இரண்டு வோல்ற் அளவில் ஆறு அறைகள் தொடராக இருக்கின்றன. நிறையச் சார்ஜ் ஏறி, சில மணித்தியாலம் ஆறவிட்ட பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால்வாசி. 11.7 என்றால் வெறும் பெட்டி. "சோத்துப்பானை மாதிரி இல்லை, தங்கச்சி. அடி தெரியிற வரைக்கும் அள்ளினால் பிறகு பானையே உதவாது" என்றார். இறங்கிய நிலையில் விட்டால் உள்ளே ஈயத் தகடுகளில் வெள்ளையாக ஒரு படிவு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் பழைய பலம் வராது.

அவர் என்னை "மிஸ்" என்று கூப்பிடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்து, பற்றரியின் கறுப்புப் பக்கத்து வயரை, அதாவது மறையைக் கழற்றினார். ஏன் அதை முதலில் கழற்றுகிறார் என்று கேட்டேன். வாகனத்தின் இரும்பு உடம்பு முழுவதும் மறையோடுதான் இணைந்திருக்கிறது. மறை பூட்டியிருக்கும்போது நேரைக் கழற்றினால், சாவி உடம்பில் தட்டுப்பட்டு நெருப்புப் பறக்கும். மறையை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயமில்லை. பூட்டும்போது மறை கடைசி.

திறப்பை எடுத்து, கதவுகளைச் சாத்தச் சொன்னார். மீற்றரின் சிவப்பு வயரை அம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் அதை வைத்தார். வாகனம் நித்திரை கொள்ளும்போது எவ்வளவு மின் ஓடுகிறது என்று பார்க்கிறாராம். 0.05 அம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. மீற்றர் காட்டியது 0.4.

"கணக்குப் பாருங்கோ. மணித்தியாலத்துக்கு 0.4 எண்டால் ஒரு நாளைக்கு ஒன்பதரை. இது 60 அம்பியர் மணித்தியாலப் பற்றரி. ஆறு நாளில காலி. முழுக்கச் சார்ஜ் ஏறாட்டில் நாலு நாளிலேயே முடிஞ்சிடும்."

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றும்போது மீற்றர் இறங்கினால் அந்தப் பாதையில் பிழை. எல்லாம் கழற்றியாயிற்று, 0.4 அசையவில்லை. சாரதி கையை விரித்தார். அக்கா மட்டும் தலையாட்டினார். "அப்ப பியூஸ் பெட்டிக்குப் போகாமல் நேரா பற்றரியில பிடிச்ச வயர் ஒண்டு இருக்கு."

அந்த வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். சாரதி இருக்கைக்குக் கீழே போய், பின் இருக்கை வரைக்கும் போனது. முடிவில் இருந்தது ஒலிபெருக்கியின் பெட்டி. விழிப்புணர்வு அறிவித்தல் செய்வதற்காக எங்கள் அலுவலகமே பூட்டியது! யாரோ அதை நிறுத்த மறந்து, அது இரவு பகலாக மின்னைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், வயர் இருக்கையின் இரும்பில் உரசி, மேல்தோல் பாதி தேய்ந்திருந்தது. நடுவில் பியூஸ் இல்லை. உள்செம்பு இரும்பில் தொட்டிருந்தால் பற்றரியின் முழுப் பலமும் அந்த மெல்லிய வயருக்குள் பாய்ந்து, இருக்கையோடு சேர்ந்து எரிந்திருக்கும். நாங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கிய வாகனம் அது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அக்கா பற்றரியை வீட்டுக்கு எடுத்துப் போனார். தன்னிடமிருந்த இன்னொரு பற்றரியை இரவலாகப் பூட்டிவிட்டதால் மறுநாள் அந்த ஆறு பெண்களின் பயணம் தடைப்படவில்லை. எங்கள் பற்றரியை மின்வெட்டுக்கு இடையில் இடையில், 6 அம்பியரில் ஆறுதலாகச் சார்ஜ் பண்ணினார். பற்றரியில் எழுதியிருக்கும் அளவில் பத்திலொரு பங்குதான் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டு நிறையக் கொடுத்தால் சூடேறித் தகடு வளையும் என்றார். இரண்டாம் நாள் பின்னேரம் நான் போய்ப் பார்த்தேன். சுவரில் ஒரு கொப்பி தொங்கியது. திகதி, பெயர், "வந்தபோது", "போனபோது" என்று நான்கு நிரல்கள். எங்கள் வரியில் வந்தபோது 11.7, போனபோது 12.5. கணவர் அப்படித்தான் எழுதுவாராம். அந்தக் கொப்பி யுத்தத்தில் போய்விட்டது. எழுதும் முறை மட்டும் அக்காவிடம் மிஞ்சியிருந்தது.

பற்றரியைப் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு மீற்றரை வைத்தார். 14.1. "இயந்திரம் ஓடேக்க 13.8க்கும் 14.4க்கும் நடுவில நிண்டால் ஓல்ற்றனேற்றர் சுகமாயிருக்கு" என்றார். ஒலிபெருக்கி வயருக்குப் பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் கூடு பூட்டினார். திறப்பை எடுத்தால் ஒலிபெருக்கியும் நிற்கும்படி ஒரு ரிலே வைத்தார். "பற்றரி கொஞ்சம் களைச்சுப் போட்டுது. ஆனால் இன்னும் ஒரு வருசம் உழைக்கும்." அது ஒன்றரை வருடம் உழைத்தது.

சிட்டையில் சார்ஜ், வயர், பியூஸ் கூடு, ரிலே, கூலி என்று ஐந்து வரி. மற்றவர்களுக்கு எவ்வளவோ எங்களுக்கும் அவ்வளவு. நான் காசைக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தக் கடன் பட்டியலில உங்கட பேர் வெட்டுப்பட்டது நான் எழுதினதாலதான்."

அவர் கைகளைத் துடைத்தார். "தெரியும். அப்ப கிராம சேவையாளர் கந்தோரில சொன்னவை." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக் காசு வந்திருந்தால் மகளை ஒரு வருசம் முந்தியே ரியூசனுக்கு விட்டிருப்பன். எனக்கு அதுதான் கவலை. ஆனால் முதல் படிவத்தில கையெழுத்து வைச்சது நான்தானே. தையல் எண்டு போட்டிருக்கிறதை வாசிச்சும் வைச்சனான். மாட்டன் எண்டால் ஒண்டும் தரமாட்டியள் எண்டு பயம்."

அந்தக் கடைசி வசனம் என்னை இன்றைக்கும் விடவில்லை. நான் அவருக்கு உதவி செய்ததாக நினைத்திருந்தேன். அவரோ என்னைப் பயந்து கையெழுத்து வைத்திருக்கிறார். உதவி கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பயத்தைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கையில் அது இருந்ததைத்தான் காணவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் போட்டுத் தந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைக் கேட்டு வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு நான் அவரிடம் அடிக்கடி போய் வருகிறேன். அவரிடம் கற்றதில் வீட்டில் வாகனம் உள்ள எந்தப் பெண்ணுக்கும் உதவக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

சார்ஜ் ஏறும்போது பற்றரியில் இருந்து ஐதரசன் வாயு வரும். அது தீப்பற்றும். ஆகவே குசினியிலோ பிள்ளைகள் படுக்கும் அறையிலோ சார்ஜ் பண்ணக்கூடாது. காற்றோட்டமான தாழ்வாரம் நல்லது. பக்கத்தில் பீடி, சுருட்டு, நுளம்புத்திரி ஒன்றும் வேண்டாம். சார்ஜரின் கவ்விகளை முதலில் பூட்டி, பிறகுதான் சுவர் ஆளியைப் போட வேண்டும். கழற்றும்போது ஆளியை நிறுத்திவிட்டுத்தான் கவ்வியில் கை வைக்க வேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றலாம். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கிறது, அது தகட்டைக் கெடுக்கும். நீர்தான் ஆவியாகிப் போகிறது, அமிலம் போவதில்லை. ஆகவே அமிலம் ஊற்றுவது பிழை. அமிலம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் படிவுக்கு அப்பச்சோடாக் கரைசல் போதும். கழுவித் துடைத்துக் கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள்.

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது வாசல் காவலாளியை வெட்டிவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பதற்குச் சமம். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. இருந்த நிறத்தையே திரும்பப் போடுங்கள். அதுவும் எரிந்தால் பிழை வயரில் இருக்கிறது. விளக்கு மங்கினால் உடனே பல்ப்பைக் குற்றம் சொல்லாமல், உடம்பில் பூட்டியிருக்கும் ஏர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேதான் என்பார் அக்கா.

செத்த பற்றரியை வீட்டில் உடைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அக்கா பழையவற்றை முழுதாகவே சேர்த்து வைத்து, பழைய பற்றரி எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார். கை கால் கழுவாமல் அவர் மகளைத் தொடுவதை நான் கண்டதில்லை.

சகோதரிகளே, எல்லோரும் பற்றரி சார்ஜ் பண்ணுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தையல் தெரிந்தவருக்குத் தையல் நல்ல தொழில்தான். உங்கள் கைக்கு எது தெரியுமோ அதைக் கேளுங்கள். கணவரோடு நின்று பழகியது, அப்பாவிடம் பார்த்தது, முகாமில் கற்றது, எதுவாயினும் அது உங்கள் முதல். சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். வேலை செய்து பழகியவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ சான்றிதழ் வழங்கும் முறை எங்கள் நாட்டில் இருக்கிறது. வாகன மின்வேலையும் அதில் அடங்கும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அக்காவும் இப்போது அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே பேனையைக் கொடுத்தேன். அவரும் ஒரு வரியை நிறுத்தித் திருத்தினார். "உதவியாளர்" என்று நான் எழுதியிருந்த இடத்தை வெட்டி, "உரிமையாளர்" என்று போடச் சொன்னார்.

உங்கள் கிராமத்துக்கும் என்னைப் போல யாராவது ஒரு படிவத்தோடு வருவார்கள். நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ எழுதினால், கையெழுத்து வைக்காதீர்கள். "வேறு" என்ற பெட்டியைக் காட்டி, இதில் எழுதுங்கோ என்று சொல்லுங்கள். எழுதுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.